பார்ஸ்லி வாத்தியாரின் மூக்கு

பெயிண்ட் கடையில் முப்பது வருஷம் நிறம் கலந்தவருக்கு ஊரார் வைத்த பெயர் பார்ஸ்லி வாத்தியார். கொத்தமல்லி மாதிரி சூப்பில் போடும் பார்ஸ்லிக் கீரையை அடையாளம் காட்ட, ஞாயிறு தவறாமல் பத்துப் பேரைக் கால்வாய்க்கரைக்கு ஓட்டிக்கொண்டு போவார். பார்ஸ்லிக்கும் ஹெம்லாக் என்ற விஷச்செடிக்கும் இலை கூடப்பிறந்த மாதிரி இருக்கும்.

"இலையைப் பாத்து ஏமாறாதீங்க. கசக்கி மோந்து பாருங்க. ஹெம்லாக்னா எலிப்பொந்து நாத்தம் அடிக்கும்" என்பார். கசக்கியதை அடுத்தவர் மூக்கருகே நீட்டி, "எங்கே, நீங்க சொல்லுங்க?" என்பார். அவர் எதைச் சொன்னாலும், "அதேதான்!"

கற்றுக்கொடுத்தால் இப்படியல்லவா கற்றுக்கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் மெச்சினார்கள். தின்னர் நெடியில் வாத்தியாரின் மூக்கு செத்து எட்டு வருஷமாகிறது; அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஒத்துக்கொண்டால் கௌரவம் என்னாவது?

ஒரு ஞாயிறு, விருந்துக்கு வந்திருந்த மாப்பிள்ளை, மாமனார் பாடத்தை நம்பி, கரையிலிருந்து தானே ஒரு கட்டு பறித்து வந்தார். மாமியார் அதை நறுக்கிச் சூப்பில் போட்டுவிட்டார். வீட்டில் அத்தனை பேருக்கும் ஜலதோஷம்.

"எங்க மூக்கெல்லாம் அடைச்சுக் கிடக்கு. நீங்க மோந்து சொல்லிடுங்க, மாமா."

வாத்தியார் மிச்ச இலையைக் கசக்கி, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சிழுத்தார். "பார்ஸ்லியேதான்!" வாய் பழக்கதோஷம்.

சூப் கிண்ணங்களுக்கு வந்தது. மகள் கரண்டியை எடுத்ததும் அவர் சட்டென்று எழுந்துவிட்டார்.

"தண்டு எங்கே?"

"குப்பையில" என்றார் மனைவி.

வாத்தியார் குப்பைத் தொட்டியைத் தரையில் கவிழ்த்தார். முட்டை ஓட்டுக்கும் டீத்தூளுக்கும் நடுவே தண்டு கிடைத்தது. வழவழவென்று, ரோமமில்லாமல், மேலெல்லாம் ஊதாத் திட்டு. பார்ஸ்லித் தண்டு முழுப் பச்சை; நிறத்தில் மட்டும் அவரை யாரும் ஏமாற்ற முடியாது.

"கீழ வை! யாரும் வாயில வைக்காதீங்க! ஹெம்லாக்!"

கரண்டிகள் மேஜையில் விழுந்தன. மாப்பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. "இப்பத்தானே மாமா மோந்து பாத்தீங்க?"

இனி மழுப்ப முடியாது. "எனக்கு வாசனையே தெரியாது. எட்டு வருஷமாச்சு" என்றார், குப்பைக்கு நடுவில் உட்கார்ந்தபடியே.

சூப்பைக் கொட்டப் போன மனைவி பாத்திரத்தோடு அப்படியே நின்றார்.

"அப்ப தினமும் நான் சமைக்கறப்ப, 'ஆஹா, வாசம் தெருவரைக்கும் வருது'ன்னு சொன்னீங்களே?"

வாத்தியார் தலையைச் சொறிந்தார். "நீ மூடியைத் திறக்கற சத்தம் கேக்கும். உடனே சொல்லிடுவேன்."