டெஸ்டிங் அக்காவின் குறிப்பு

எதிரே இருப்பவரின் மடிக்கணினியை என் பக்கம் இழுக்க எனக்கு இரண்டு விரல் போதும். திரையின் விளிம்பைப் பிடித்து லேசாகத் திருப்பினால் மேசைமேல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அவருடைய கைகள் விசைப்பலகையை விட்டு எழும்பி, ஒரு கணம் அந்தரத்தில் நின்று, மடியில் போய் அடங்கும். அந்தக் கைகளை அப்போதெல்லாம் நான் கவனித்ததே இல்லை. இப்போது அவைதான் முதலில் நினைவுக்கு வருகின்றன. இடது மணிக்கட்டில் எப்போதும் ஒரு ரப்பர் பேண்டு மாட்டியிருக்கும் எங்கள் டெஸ்டிங் அக்காவின் கைகள்.

தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். மணலிப் பக்கம் ஒரு தனியார் கன்டெய்னர் யார்டுக்கு வரும் லாரிகள் சாலையில் மணிக்கணக்காக, சில சமயம் நாள்கணக்காக நிற்கும். அவற்றுக்கு வரிசை எண் கொடுத்து, முறை வந்ததும் ஓட்டுநரின் செல்போனில் அழைக்கும் செயலி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். நான் ப்ராடக்ட் மேனேஜர். எதைச் செய்வது, எதை முதலில் செய்வது என்று முடிவெடுப்பது என் வேலை. என் கீழே இருக்கும் நான்கு பேரை வளர்த்துவிடுவதும் என் வேலை என்று நியமனக் கடிதத்தில் இருந்தது. அதை ஒப்புக்கு எழுதிய வரி என்றே நான் எடுத்துக்கொண்டேன். அதற்கு முன்பு ஏழு வருடம் புரோகிராம் எழுதியவன். கை சும்மா இருந்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசும். பேசியே பிழைக்கிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்கிற பயம். அதனால் எல்லாருடைய வேலையையும் கொஞ்சம் கொஞ்சம் நானே செய்தேன்.

செயலியைச் சோதித்துப் பார்த்துப் பிழை சொல்வது அக்காவின் வேலை. கரூர்க்காரர். கணவருக்கு மணலியில் வேலை கிடைத்துத் திருவொற்றியூரில் குடியேறியவர்கள். பிள்ளைகளுக்காக எட்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்திருந்தார். கண்ணாடி போட்டவர், என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். அதற்கு என் அறிக்கை வேண்டும். சேர்ந்த புதிதில் ஒருநாள் அவரே வாய்விட்டுச் சொன்னார்: "இந்த வேலை நிக்கோணுங்க சார். மறுக்காவும் வீட்டுல உக்காந்துட்டா அப்புறம் ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க." பார்த்துக்கொள்ளலாம் என்றேன். வேறென்ன சொல்வது?

செயலியை ஓட்டிப் பார்க்கும் வாரத்துக்கு முந்தைய வாரம், குறைகளைப் பேச உட்கார்ந்தோம். முறை வந்து அழைப்பு போனதும் ஓட்டுநர் பத்து நிமிடத்துக்குள் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் எண் போய்விடும், வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். இது நான் வைத்த விதி. அக்கா அதன் கீழே ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: குளிக்கவோ சாப்பிடவோ போகும் ஓட்டுநர் பின்னால் நிற்கும் வண்டிக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார், அவர்தான் இரண்டு வண்டியையும் நகர்த்துகிறார், போன் கேபினில் சார்ஜில் கிடக்கிறது, ஆகவே பின்வண்டிக்காரரும் பதில் சொல்ல வழி வேண்டும். நான் சிரித்தேன். "அக்கா, எங்கப்பா டிரெய்லர் ஓட்டினவர். நான் இந்த வரிசையிலயே வளர்ந்தவன். டிரைவர் போனை விட்டுட்டு எங்கயும் போக மாட்டாரு." அக்கா ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் மடிக்கணினி என் பக்கம் வந்திருந்தது, குறிப்பை அழித்துவிட்டேன். அப்பா வண்டி ஓட்டிய காலத்தில் செல்போனே கிடையாது என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைதான் அக்காவைப் பற்றிய அறிக்கையை முதலாளிக்கு அனுப்பினேன். வேலையில் பழுதில்லை என்று எழுதினேன். கடைசியில், 'தானாக முன்வந்து எதையும் செய்வதில்லை' என்றும் எழுதினேன். மனமறிந்துதான் எழுதினேன், அது உண்மை என்றே நம்பினேன்.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, செயலியை ஓட்டிப் பார்க்க நான் போயிருந்தபோது, யார்டு வாசலில் ஒரு லாரி நின்றது. வண்டி வந்துவிட்டது, எண் போய்விட்டது. யார்டின் கதவு திறக்கவில்லை. வண்டியை நகர்த்திக் கொண்டுவந்தவர் பின்வண்டிக்காரர். வண்டிக்குச் சொந்தமான ஓட்டுநர், தலையில் ஈரத் துண்டோடு ஓடிவந்தார். அடிக்க வருகிறார் என்றுதான் நினைத்தேன்.

"நேத்து மத்தியானத்துலேந்து நின்னுகினுகீறேன். குளிக்கப் போனது ஒரு குத்தமா? மறுபடியும் கடைசிக்குப் போவணுமா நானு?" என்றார். இப்படி நடக்கும் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லையே என்று நான் இழுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னா சார் சொல்ற? போன தபா நின்னப்போ கண்ணாடி போட்ட அக்கா ஒண்ணு மூணு நாளு காலீல காலீல வந்து கேட்டு எழுதிகினு போச்சே. சாவி குடுக்கறது, போனு வண்டியில கெடக்கறது, எல்லாத்தையும் சொன்னமே. உன்னாண்ட அது சொல்லலியா?"

சொல்லியிருந்தது. வேலைக்கு வரும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, யாரும் சொல்லாமல், மூன்று நாள் அந்த வரிசையில் நடந்திருக்கிறார். அந்த மனுஷியைத்தான் தானாக எதையும் செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அவமானமாக இருந்தது, வேறு வார்த்தை இல்லை.

அந்த ஓட்டுநரை யார்டு மேலாளரிடம் கெஞ்சி உள்ளே அனுப்பிவிட்டு அலுவலகம் வந்தேன். விஷயம் எனக்கு முன்பே அங்கே எட்டியிருந்தது. நான் அழித்த குறிப்பை அக்கா மறுபடி எழுதி, இரண்டு புரோகிராமர்களையும் பக்கத்தில் உட்காரவைத்து விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் அவர்கள் தடுமாறினார்கள். எனக்கு வழி தெரியும், ஐந்து நிமிட வேலை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. நான் யோசித்திருந்ததைவிட அவர்கள் செய்தது எளிமையாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

புதன்கிழமை வேறு அறிக்கை எழுதி முதலாளியிடம் போனேன். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இன்னாபா, வெள்ளிக்கெழம ஒண்ணு எழுதுற, புதங்கெழம ஒண்ணு எழுதுற. எத்த நம்பறது?" நடந்ததைச் சொன்னேன். இன்னும் மூன்று மாதம் பார்ப்போம் என்று முடித்துவிட்டார். அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். "சரிங்க சார்" என்றார், அவ்வளவுதான். அதில் இரண்டாவது மாதமே வேறு இடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

நான் இன்னும் அந்த வரிசைக்குப் போகிறேன். கையை வேலையிலிருந்து எடுத்துவிட்டால் வெறும் உபதேசம் செய்கிற ஆளாகிவிடுவேன், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தனியாகப் போவதில்லை. குழுவிலிருந்து ஒருவரை அழைத்துப் போகிறேன், அவர் கேட்கிறார், நான் டீ கிளாஸோடு நிற்கிறேன். சில நாள் கேள்வி தப்பாக இருக்கும், நாக்கைக் கடித்துக்கொள்வேன். எல்லா நாளும் முடிகிறது என்று பொய் சொல்ல மாட்டேன்.

போன மாதம் ஒரு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். அக்காவை ஒரு குழுவுக்குத் தலைமையாக எடுக்க நினைக்கிறார்களாம், பழைய இடத்தில் விசாரிக்கிறார்களாம். "தானா முன்வந்து செய்வாங்களா சார்?" என்று கேட்டார். லாரி வரிசையைப் பற்றிச் சொன்னேன். குறிப்பை அழித்ததையும், அறிக்கையில் எழுதியதையும் மறைக்காமல் சொன்னேன்.

"ஆனா சார், விசாரிக்க யார் பேரையாவது குடுங்கன்னு கேட்டப்ப, அவங்க உங்க ஒருத்தர் பேரைத்தான் குடுத்தாங்க. ஏன்?"

"எனக்குத் தெரியலம்மா," என்றேன். "அவங்களையே கேளுங்க. கேட்டா சொல்லுவாங்க."