கண்ணைத் தூக்காத தேவிப்ரியா

எங்கள் அக்கா தேவிப்ரியாவைப் பற்றி வடக்கனந்தலில் ஒரு குறை சொல்ல ஆள் கிடையாது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். நான் பத்தாவதில் கணக்கில் தோற்றவள். தெருவில் யார் செருப்பு காணாமல் போனாலும் என் பெயரைத்தான் சொல்வார்கள்.

இரண்டு மாதமாக அவளுக்குப் புதிதாக ஓர் அடக்கம் வந்திருந்தது. யார் வந்தாலும் கண்ணைத் தூக்குவதில்லை. காலையில் தலைவலி, வாந்தி. பித்தம் என்று அம்மா இஞ்சிச் சாறு கொடுத்தாள்.

உளுந்தூர்பேட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நாலு பேர் நடுவில் அவள் அடக்கத்தைக் கலைத்துவிட நினைத்து, "அக்கா, உன் தலைக்கு நேரா பல்லி" என்றேன். பல்லி தலையில் விழுந்தால் சும்மாவா? கூடமே அண்ணாந்தது. அவள் மட்டும் காபித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா உருகிவிட்டார். "பல்லிக்குக்கூட கண்ணைத் தூக்கல பாருங்க. எங்களுக்குப் புடிச்சிப்போச்சி."

அவர்கள் போனதும் அக்காவின் தாடையைப் பிடித்தேன். "நடிக்காத. தலைய ஆட்டாம என் விரலைப் பாரு."

விரல் மேலே போனது. அவள் கண் பாதியில் நின்று நடுங்கியது.

"தூக்க முடியலடி. எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. நிச்சயம் முடியட்டும், அதுவரைக்கும் வாயத் தொறக்காத."

சொன்னால் கல்யாணம் போகும். சொல்லாவிட்டால் அவளே போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. அப்பாவிடம் சொன்னேன்.

அம்மா முந்திக்கொண்டாள். "இன்னா செல்வி, அவளுக்கு நல்ல எடம் அமையறது உனக்குப் பொறுக்கலியா?"

பொறுக்கவில்லைதான். அதற்காக நான் சொன்னது பொய்யாகிவிடுமா? அப்பாவை இழுத்துவந்து, அக்கா எதிரே அவர் விரலையே தூக்கிக் காட்டினேன். அவள் கண் மேலே ஏறவில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார்.

கள்ளக்குறிச்சி கண் டாக்டர் பாண்டிச்சேரிக்கு எழுதிக்கொடுத்தார். ஸ்கேனில், மூளைக்கு நடுவே பீனியல் என்ற பட்டாணி அளவுச் சுரப்பியில் கட்டி. கண்ணை மேலே தூக்கவைக்கும் இடத்தை அது அழுத்துகிறதாம். மூளையில் நீரும் தேங்கியிருந்தது.

"இன்னும் விட்டிருந்தா ஆபத்துங்க" என்றார் பாண்டிச்சேரி டாக்டர். "முதல்ல நீருக்கு வழி பண்ணுவோம். கட்டியில ஒரு துணுக்கு எடுத்துப் பாத்துட்டு, கதிர் சிகிச்சையா, மருந்தான்னு சொல்றேன்."

உளுந்தூர்பேட்டைக்காரர்கள் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். மூன்று நாள், குடிக்கத் தண்ணீரைக்கூட அம்மாவிடம்தான் கேட்டாள்.

ஆபரேஷன் அன்று, தலையை மழித்துத் தள்ளுவண்டியில் படுக்கவைத்திருந்தார்கள்.

"செல்வி எங்க?"

"இங்கதான் நின்னுகினு இருக்கேன், மொட்ட."

"சிரிக்காத. கூட வா."

கதவு வரை என் கையைத்தான் பிடித்திருந்தாள். மறுபக்கம் அம்மா, நீட்டிய கையை யாரும் பிடிக்காமல் நடந்துவந்தாள். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். பல வருஷமாக நான் வைத்திருந்த முகம்.