அந்தப் புடவைக்குக் கலர் சொன்னவர்கள்

கருப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் அடிக்கிறவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. இதுவரை ஒருவனையும் நேரில் கண்டதில்லை என்பது வேறு விஷயம். கண்டால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: உன்னை யார் கேட்டது?

நான் ஆரணியில் பட்டுத்தறி நெய்கிறவன். வயது ஐம்பத்து மூன்று. பழைய படம் பார்ப்பதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் இல்லை. பழசு என்றாலே உருகிப்போகிற ஆளும் இல்லை நான். அந்தக் காலத்திலும் மூட்டை மூட்டையாகக் குப்பை எடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் பார்த்துத் தொலைத்திருக்கிறேன். ஆனால் நல்ல படம் என்றால், ஒரு ஆள் நடந்து வந்து கதவைத் திறக்கும்வரை கேமரா காத்திருக்கும். அந்தக் காத்திருப்பைத்தான் இப்போது யாராலும் தாங்க முடியவில்லை. டிவிக்காரன் அகலத் திரைக்காகப் படத்தை இழுத்து, ஒல்லியான கதாநாயகனைத் தொப்பை போட வைக்கிறான். விளம்பரத்துக்கு இடம் வேண்டுமென்று பாட்டின் கடைசிச் சரணத்தை வெட்டுகிறான். போனில் பார்க்கிறவர்கள் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுகிறார்கள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் கிளி மாதிரி கீச்கீச்சென்று அழுகிறாள். பார்த்து முடித்துவிட்டு, "படம் ஸ்லோங்க" என்று நம்மிடமே கருத்து வேறு சொல்கிறார்கள்.

அமாவாசையன்று நாங்கள் தறியில் உட்கார மாட்டோம். படையல் போட்டுச் சாப்பிட்டு முடித்ததும் அடுத்த தெருவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். என்னைவிட நாலு வயது பெரியவள். மாதம் ஒரு மத்தியானம், இருவரும் சேர்ந்து ஒரு பழைய படம். பல வருடப் பழக்கம் இது. அக்கா வீட்டுக்காரர் எழுத்துப் போடும்போது எங்களோடு உட்காருவார், முதல் பாட்டில் தூங்கிவிடுவார்.

அதில் ஒரு படத்தை மட்டும் அக்கா வருடத்துக்கு இரண்டு தடவையாவது போடச் சொல்வாள். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் தேடிப் பிடித்து, கலர் அடித்ததைத்தான் பார்ப்பீர்கள். கடைசிக் காட்சியில் கதாநாயகி ரயில் நிலையத்தில் தனியாக நிற்பாள். அழ மாட்டாள், பேச மாட்டாள். உடல் முழுக்க அடர்ந்த சாம்பலாக விழுந்த, அகலக் கரை போட்ட பட்டுப்புடவை கட்டியிருப்பாள். ரயில் வரும்வரை கேமரா அவளை விட்டு நகராது. அந்த இடம் வரும்போது அக்கா காலை மடக்கி நிமிர்ந்து உட்காருவாள். அவளுக்கு அந்தப் புடவைமேல் சின்ன வயதிலிருந்து ஆசை.

இந்த வருடம் அவள் வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம் வைத்தார்கள். தாய்வீட்டுச் சீராகப் புடவை நான்தான் எடுக்க வேண்டும். எடுப்பதாவது, நானே நெய்து தருகிறேன், அதே புடவை, அதே கரை என்று வாக்குக் கொடுத்தேன். அக்கா உள்ளே போய்க் காப்பி போட்டாள். வெகு நேரம் ஆயிற்று காப்பி வர. கண் கலங்கியிருந்தது.

கலர் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது அரக்கு. வெறும் வாயால் சொல்லவில்லை. எங்களிடம் ஒவ்வொரு கலரிலும் நாலு இழை கட்டிய நூல் அட்டை இருக்கும். அதைப் போனில் கருப்பு வெள்ளையாகப் படம் பிடித்து, காட்சியோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். அரக்கு நூலும் அந்தப் புடவையும் ஒரே அடர்த்தி. கரும்பச்சையும் நீலமும்கூட அதே அடர்த்தியில்தான் விழுந்தன. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த மாத அமாவாசைக்குச் சென்னையிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். கம்ப்யூட்டர் வேலை. பெரிய டிவியில் படத்தைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். முழுப் படமும் கலர். எல்லார் முகத்திலும் ஒரே ரோஸ் பவுடர். வில்லனுக்கும் அதே பவுடர், பிச்சைக்காரனுக்கும் அதே பவுடர். ஒரு பெண் வெற்றிலை மடிக்கிறாள், வெற்றிலையும் அவள் விரலும் ஒரே நிறம். கடைசிக் காட்சியில் புடவை நீலம்!

"இன்னாடா இது அநியாயம்? யாரு சொன்னது அது நீலம்னு?"

"கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சிரும் மாமா. அதுக்குத் தெரியுங்க."

"அது தறியில குந்திகினு நெய்ஞ்சுதா? இன்னா தெரியும் அதுக்கு? எடுத்தவன் கருப்பு வெள்ளையிலதான் யோசிச்சு எடுத்தான். நடுவுல நீ யாரு பூசறதுக்கு?"

"நீங்க மட்டும் அரக்குன்னு சொல்லிகினு கீறீங்களே?"

"நான் நெசவுக்காரன்டா!"

சத்தத்தில் அக்கா வீட்டுக்காரரே விழித்துக்கொண்டார். அக்கா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் படம் முடியும் முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் சாயக்காரரிடம், புடவையின் நீளத்துக்கு ஓடும் பாவு நூலைக் கொடுத்து, "அரக்கு" என்று ஒரே வார்த்தை சொன்னேன். முப்பது வருடமாக எனக்குச் சாயம் போடுகிறவர் அவர். ஆனால் இப்போது ஊரில் எல்லாருக்கும் ஒரு வியாதி. வாயால் சொன்னால் பாதி நம்பிக்கை, போனில் படம் வந்தால் முழு நம்பிக்கை. அம்மாவுக்கு உதவி செய்வதாக நினைத்து, அக்கா மகன் கலர் அடித்த அந்த ரயில் நிலையக் காட்சியைப் பிடித்து அவருக்கு அனுப்பியிருக்கிறான். அவரோ கண் வலிக்காமல் இருக்கப் போனை மஞ்சள் வெளிச்சத்தில் வைத்திருக்கிறவர். அதில் நீலம் அவருக்குப் பச்சையாகத் தெரிந்திருக்கிறது. திரையோடு ஒட்டி வைத்து, அச்சு அசலாக அதே பச்சையைப் போட்டுக் கொடுத்துவிட்டார். எடுத்தவன் நினைக்காத கலர், கம்ப்யூட்டரும் நினைக்காத கலர்!

பாவு நூலைப் பிரித்துப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பேஜார் தாங்காமல் அதை வண்டியில் போட்டுக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போய் அவள் மடியிலேயே வைத்தேன்.

"பாரு உம் புள்ள பண்ண வேலைய! நீயே சொல்லு, இதுவா அந்தக் கலரு?"

அக்கா பச்சை நூலைத் தடவிப் பார்த்தாள். "நல்லாத்தான் கீது" என்றாள்.

"நல்லா கீறது இல்லக்கா. அது அரக்கு. இவனுங்க கண்டதையும் பூசி உன் படத்தையே கெடுத்துட்டானுங்க."

"அவன் கம்ப்யூட்டர்ல பூசினான். நீ வாயால பூசின."

எனக்குப் புரியவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள். கண்ணமங்கலத்தில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது டென்ட் கொட்டகையில் முதல் தடவை அந்தப் படத்தைப் பார்த்தோம். எனக்கு எட்டு வயது, அவளுக்குப் பன்னிரண்டு. ரயில் வரும்வரை அவள் அந்தப் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். கண்ணுக்குள் அதற்கு ஒரு கலர் வந்ததாம். வீட்டுக்குப் போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுந்தாளாம்.

"கொட்டாய விட்டு வெளிய வரதுக்குள்ள நீ ஆரம்பிச்சுட்ட. அரக்குக்கா, அரக்குக்கான்னு வழியெல்லாம். அன்னியோட போச்சு. அப்புறம் எத்தினி வாட்டி பாத்தாலும் எனக்கு அரக்காத்தான் தெரியுது. மொதல்ல இன்னா கலரு தெரிஞ்சுதுன்னு யோசிக்கறேன், வரவே மாட்டேங்குதுடா."

"ஏங்க்கா அப்பவே சொல்லல?"

"நீ எங்க உட்ட?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். வண்டியிலிருந்து நூல் அட்டையை எடுத்து வந்து நீட்டினேன், எதுவென்று பார் என்று. ஒவ்வொரு இழையாக விரலில் சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"அட்டையில கெடைக்காதுடா. படத்துல கெடைச்சாதான் உண்டு."

பச்சைப் பாவு நூலை வேறு புடவைக்கு ஒதுக்கினேன். புதுப் பாவுக்குச் சாயம் சொல்லாமல் அடுத்த அமாவாசை வரை பொறுத்தேன். விசேஷத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சாயக்காரர் இரண்டு தடவை கேட்டு அனுப்பினார், பதில் சொல்லவில்லை. அமாவாசையன்று, கலர் அடிக்காத படத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு நான் வெளியே வந்தேன். அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் வீட்டுக்காரரைக்கூட உள்ளே தூங்க விடவில்லை. அவர் பாயை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார்.

வாசலில் வண்டிமேல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வசனமெல்லாம் மனப்பாடம். எந்த இடம் ஓடுகிறது என்று ஜன்னல் வழியாக வரும் சத்தத்திலேயே தெரியும். பின்னால் வரப்போகும் திருப்பத்தை முன்னாலேயே சொல்லுவது என் வழக்கம்; அன்று சொல்ல ஆள் இல்லாமல் நாக்கு அரித்தது. கடைசியில் வசனம் நின்றது. ரயில் வருகிற சத்தம் கேட்டது. அதன் பிறகும் கதவு திறக்கவில்லை. கூப்பிடலாமா என்று எழுந்து, மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.

கதவைத் திறந்து வந்தவளின் முகம் தெளிவாக இருந்தது.

"ரோஸுடா. வெளுத்த ரோஸு."

ரோஸ்! அத்தனை அடர்த்தியாக விழுந்திருக்கும் புடவை எப்படி வெளுத்த ரோஸ் ஆகும்? ரோஸாக இருந்தால் கருப்பு வெள்ளையில் வெள்ளைக்குப் பக்கத்தில் அல்லவா விழும்? சத்தியமாக வாய்ப்பே இல்லை. நூல் அட்டையை வைத்து ஒரு நிமிடத்தில் நிரூபித்துக் காட்டுவேன். அவ்வளவும் தொண்டை வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் எதிரிலேயே சாயக்காரருக்குப் போன் போட்டேன்.

"வெளுத்த ரோஸுங்க. பாவு, ஊடை ரெண்டும்."

"அரக்குன்னீங்க, அப்பாலிக்கா பச்ச வந்துச்சு, இப்ப ரோஸா? போட்டோ இருந்தா அனுப்புங்களேன்."

"போட்டோ கெடையாதுங்க" என்றேன். "அக்கா பாத்துட்டு வந்து சொன்னாங்க."