வேலி போகாத ஆழம்

புத்தூரில் ஞானாம்பிகை அழுத கண்ணீரைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு பாத்தி வெங்காயத்துக்கு இறைத்திருக்கலாம். கணவர் தியாகராசா மாரடைப்பில் போனபோது அவளுக்கு மிஞ்சியது செம்மண் தோட்டமும், கணவரின் தமையன் அருளம்பலத்தோடு பங்குக் கிணறும்தான். ஒருநாள் அவள் முறை, மறுநாள் அவர் முறை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிய முதலே வேலிச் சண்டை வந்துவிட்டது. அவர் வேலிக் கதியாலைத் தன் பக்கத்திலிருந்து தள்ளி நட்டார் என்று அவள் சொன்னாள். அவள்தான் நட்டாள் என்று அவர் சொன்னார். அன்றோடு பேச்சு அறுந்தது. பேச வேண்டியதை இருவரும் அவருடைய வெள்ளாட்டுக்குத்தான் சொன்னார்கள்.

எண்பத்தொன்பதில், தன் முறைக்குத் தண்ணீர் போதாதென்று ஞானாம்பிகை ஆள் பிடித்துக் கிணற்றின் அடிப்பாறையில் துளை போட்டாள். தண்ணீர் பொங்கியது. அருளம்பலம் விடுவாரா? அதைவிட ஆழமாக இன்னொரு துளை போட்டார். இருவருடைய மிசின்களும் போட்டி போட்டு இறைத்தன.

அடுத்த கோடையில் வெங்காயத்தாள் நுனி கருகியது. தேத்தண்ணீர் உப்புக் கரித்தது.

"குடியடி, குடி! உன்ரை சின்னம்மா பாதாளத்திலை துளைச்செடுத்த தீர்த்தம்" என்றார் அருளம்பலம், ஆட்டிடம்.

"பாதாளத்துக்கும் கீழை போனவர் ஆரெண்டு உன்ரை எசமானைக் கேள்!"

வாய்ச்சவடால் விட்டாளே தவிர, உள்ளே போய்த் தலையணையில் முகம் புதைத்து விம்மினாள். தோட்டம் செத்தால் இணுவிலில் தங்கச்சி வீட்டு வாசலில் போய் நிற்பதைத் தவிர அவளுக்கு வேறு கதியில்லை.

தொண்ணூறு ஆனியில் நாட்டில் மீண்டும் போர் மூண்டது. மண்ணெண்ணெய்க்குத் தடை வந்தது. மிசின்கள் ஓய்ந்தன. வாளியால் அள்ளித்தான் நாற்றுக்கு ஊற்றினாள். சில கிழமை போக, ஒரு விடியற்காலைத் தேத்தண்ணீரில் உப்புக் குறைந்திருந்தது. திகைத்துப் போனாள். பின்னேரம், இரண்டு வீட்டாரும் அள்ளிக் கலக்கிய பிறகு, மறுபடி கரித்தது.

ஆடாமல் கிடந்தால் மேல்தண்ணீர் நல்லது! பெய்த மழை உப்புத் தண்ணீரின் மேல் பாலாடைபோலப் படர்ந்து கிடந்திருக்கிறது. அந்த ஆடையை இரண்டு பேருமாகக் கிழித்துவிட்டோமே!

வேலியடிக்கு ஓடினாள்.

"அத்தான்!"

அவர் ஆட்டைப் பார்த்தார்.

"ஆட்டோடை கதைக்கேல்லை. உங்களோடைதான். துளை ரெண்டையும் அடைக்கவேணும்."

"ஆர் சொன்னது?"

"நிலாவரைக் கிணத்திலை மேல்தண்ணி நல்லது, அடி உப்பெண்டு ஊருக்கே தெரியும். எங்கடை கிணத்துக்கு மட்டும் வேறை அடியோ? வேலி மேலைதான் அத்தான் நிக்குது. கீழை உங்கடை தண்ணி, என்ரை தண்ணி எண்டு பிரிஞ்சோ கிடக்குது?"

அருளம்பலம் தன் பாத்திப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருடைய வெங்காயமும் கருகித்தானே கிடந்தது.

ஆவணியில் தண்ணீர் வற்றியபோது, களிமண் திணித்த சாக்குகளோடு அவரே கிணற்றுக்குள் இறங்கினார். கயிற்றை ஞானாம்பிகை கப்பியில் போட்டு இறுக்கிப் பிடித்தாள்.

"விட்டிடுவன் எண்டு பயமோ அத்தான்?"

"உன்னைத் தெரியும்தானே. பயம்தான்!" உள்ளேயிருந்து சிரிப்பும் சேர்ந்து எதிரொலித்தது.

மழைக்கு முன் வரம்பு கட்டினாள். வழமையாக மழைவெள்ளம் தெருவாய்க்காலில் விழுந்து கடலுக்குப் போய்விடும். இந்த முறை அது தோட்டத்தில் நின்று மண்ணுக்குள் இறங்க வேண்டும். ஆனால் வரம்பு வேலியில் முட்டி நின்றது. மறுநாள் காலையில் பார்த்தாள். சண்டைக்குக் காரணமான அதே கதியால்களை அருளம்பலம் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மாரி முழுவதும் தண்ணீர் இரண்டு தோட்டத்திலும் ஒன்றாய்த் தேங்கி, ஒன்றாய்ச் சுவறியது.

தைப்பொங்கலன்று பொங்கலுக்குத் தண்ணீர் அள்ளி முதலில் ஒரு பேணியில் அவரிடம் நீட்டினாள். அவர் குடித்தார். கண்ணை மூடினார்.

"அடியே," என்று ஆட்டைக் கூப்பிட்டார். "சீனி போட்டவளோ எண்டு உன்ரை சின்னம்மாவைக் கேள்."

"என்னையே கேளுங்கோவன்!"

"போட்டனியோ பிள்ளை?"

"இல்லை அத்தான்" என்றாள். சிரித்தாளா, அழுதாளா என்று அவளுக்கே தெரியாது. மிச்சத் தண்ணீரைத் தானும் ஒரு வாய் குடித்துவிட்டு, வெங்காய நாற்றை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினாள்.