கதவுக்கு இரண்டு முத்திரை

ஹகித் தஹானுக்கு உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட நாற்காலியின் பாதியில்தான் இருப்பாள். மீதிப் பாதி எழுந்து ஓடுவதற்கு. ஐம்பத்து மூன்று வயது. யூதேயா மலைச்சரிவில் அப்பா விட்டுப்போன திராட்சைத் தோட்டத்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சுற்றி வருவாள் என்று அவளுக்கே தெரியாது. போகிற போக்கில் ஒரு கொடியைக் கட்டுவாள், ஒரு இலையைக் கிள்ளுவாள், ஒரு கல்லை எடுத்து வேலிக்கு வெளியே வீசுவாள். எதையாவது தொடாமல் அவள் கை சும்மா இருந்து ஊரில் யாரும் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட பெண்ணுக்கு வாய்த்த தொழிலைப் பாருங்கள். அவள் தயாரிக்கும் ஒயினை அவளே தொடக்கூடாது.

திராட்சை கொடியில் இருக்கும்வரை எவரும் தொடலாம். நசுங்கிச் சாறு வெளியே வந்த கணத்திலிருந்து பாட்டிலுக்குத் தக்கை அடிக்கிறவரை, ஓய்வுநாளை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற யூதனின் கை மட்டும்தான் அதில் படலாம். இல்லையென்றால் அது கோஷர் இல்லை, யூத உணவு நெறிக்கு ஏற்றதல்ல. பக்தியுள்ள வீட்டு மேசையில் அதை வைக்க மாட்டார்கள். ஹகித்தோ, தீ மூட்டவும் வண்டி ஓட்டவும் கூடாத அந்த ஓய்வுநாளில், சனிக்கிழமை காலையில், அடுப்பைப் பற்றவைத்து காபி குடித்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு கடலில் நீந்தப் போகிறவள். அதை மறைத்ததும் இல்லை. ஆனால் தன் ஒயினை நாட்டில் எந்த வீட்டிலும் ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலை ஊற்றிக் குடிக்க வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். ஆகவே ஒயின் தொட்டிகள் இருக்கும் நிலவறைக்குள் நுழைந்ததும் இரண்டு கைகளையும் ஜீன்ஸ் பைக்குள் திணித்துக்கொள்வாள். பத்தொன்பது வருடமாக அவள் ஜீன்ஸில் முதலில் கிழிவது பைதான்.

அவளுக்குக் கையாக இருந்தவர் கெதல்யா. நாற்பத்தைந்து வயது, செம்பட்டைத் தாடி, எட்டுப் பிள்ளைகள். கோஷர் மேற்பார்வைக்கு என்று வந்தவர், வந்த மாதத்திலேயே முழு வேலையும் தன் தலையில் விழுந்ததைக் கண்டார். அவர்கள் இருவரும் உள்ளே இருக்கும்போது கதவு அகலத் திறந்தே இருக்கும், மணமாகாத ஆணும் பெண்ணும் மூடிய அறையில் தனித்திருக்கக்கூடாது என்பதும் அவர்கள் முறைதான். அதனால் அவர் தொட்டியில் மிதக்கும் திராட்சைத் தோலை அமுக்க, அவள் ஏவ, அவர்கள் சண்டை ஊருக்கே கேட்கும்.

“இன்னும் கீழ. இடது பக்கம். அமுக்கு, அமுக்கு. என்ன, ரொட்டி மாவா பிசையற?”

“நீங்க வாயால பிசையறீங்க, நான் கையால பிசையறேன். கொஞ்சம் மூச்சு விட விடுங்க.”

“அப்புறம் விடலாம். சூடு எப்படி இருக்கு?”

“சூடா இருக்கு.”

“சூடுன்னா? குழந்தை குளிக்கிற தண்ணியா, டீத் தண்ணியா?”

“எட்டுப் பிள்ளையக் குளிப்பாட்டினவன் சொல்றேன். குளிக்கிற தண்ணிதான்.”

அந்த வருடம் அவள் உயிரெல்லாம் ஒரே ஒரு தொட்டியில் இருந்தது. எப்ரோன் பக்கத்து மலையில் யாரோ கைவிட்ட பழங்கொடியிலிருந்து குச்சி வெட்டிவந்து அவள் நட்ட திராட்சை. இந்த மண்ணிலேயே பிறந்த கறுப்பு ரகம். அவள் நிலவறைக்கு மேலே பாறையில் குடைந்த ஒரு மிதிகளம் இருக்கிறது. அதில் எப்போதோ எவர் எவரோ மிதித்ததும் இந்தத் திராட்சையாகத்தான் இருக்கும் என்பது அவள் கட்சி. யூத விதிப்படி நட்ட முதல் மூன்று வருடப் பழத்தை உண்ணக்கூடாது, குலை குலையாக வெட்டி மண்ணில் போட்டார்கள். நான்காம் வருடப் பழத்துக்கு வேறு சடங்கு. ஐந்தாம் வருடம்தான் அது விற்பனைக்கு உரியது. தொட்டி நிரம்பியபோது கெதல்யாவே கேட்டார், “வசந்தத்துல என் பெரிய பொண்ணு பினினாவுக்குக் கல்யாணம். மணப்பந்தல்ல குடிக்கிற முதல் கோப்பை இதுவா இருக்கணும்.” ஹகித் வெளியே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள். அவ்வளவு சந்தோஷம்.

தப்பு அவளுடையதுதான். அந்த வருடம் யூதப் புத்தாண்டுப் பண்டிகை, புதன் சூரியன் மறைந்ததிலிருந்து தொடங்கி, வியாழனும் வெள்ளியும். மறுநாள் ஓய்வுநாள். மூன்று நாள் தொடர்ந்து எவரும் வேலை செய்ய முடியாது.

“ஞாயித்துக்கிழமை பறிக்கலாம்,” என்றார் கெதல்யா.

“அதுவரைக்கும் விட்டா காஞ்ச திராட்சைதான் மிஞ்சும். திங்கக்கிழமை பறிக்கிறோம். அறை குளுமையா இருக்கு, சனிக்கிழமைக்கு முன்னாடி புளிச்சுப் பொங்காது.”

“ஒயினுக்கு உங்க அவசரம் தெரியுமா?”

“தெரியும். நான்தான வளர்த்தேன்.”

புதன்கிழமை மத்தியானமே பொங்கிவிட்டது. தோலெல்லாம் மேலே எழும்பித் தடித்த மூடியாக நிற்கத் தொடங்கியது. அதை நாளைக்கு நான்கைந்து தடவை உள்ளே அமுக்கி நனைக்க வேண்டும். விட்டால் காய்ந்து சூடேறி, மொத்தமும் காடியாகிவிடும். கெதல்யா சூரியன் சாய்கிறவரை அமுக்கினார். பிறகு கதவைச் சாத்தி, தன் கையெழுத்துப் போட்ட நாடா ஒன்றும், ஈயக் குண்டு கோத்த கம்பி ஒன்றுமாக, முறைப்படி இரண்டு முத்திரை வைத்தார்.

“கடவுள் பாத்துப்பாரு. நீங்க கிட்டப் போகாதீங்க.”

“அவருக்கு ஒயின் பண்ணத் தெரியுமா?”

“முதல் திராட்சைத் தோட்டம் போட்ட நோவாவக் கேளுங்க,” என்று சொல்லிவிட்டுக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடினார். அதற்குமேல் மூன்று நாளைக்கு அவர் தொலைபேசி அணைந்தே இருக்கும்.

வியாழன் காலை பாலைவனக் காற்று அடிக்க ஆரம்பித்தது. ஹகித் கதவில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே கொதிக்கிற சத்தம். தோட்டத்தைச் சுற்றினாள், திரும்ப வந்து கேட்டாள். மிதிகளத்தின் மேல் ஏறினாள். அங்கே அறுவடையின்போது திராட்சையைக் கீழே நிலவறைக்குள் கொட்டுகிற துவாரமும் அதன் இரும்பு மூடியும் இருந்தன. மூடியில் நாடா இல்லை, ஈயம் இல்லை. கதவுக்கு இரண்டு முத்திரை வைத்த மகராசன் தலைக்கு மேலே இருந்ததை மறந்துவிட்டுப் போயிருந்தார். அதைப் பார்த்த நிமிடத்திலிருந்து அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை.

வெள்ளி மத்தியானம் அந்த மூடியின் இடுக்கில் நகப்பூச்சு நெடி வந்தது. காடியின் முதல் வாசனை அது. பக்கத்துக் கோழிப்பண்ணை ஸிம்ஹா புத்தாண்டு வழக்கப்படி தேன் தடவிய ஆப்பிளைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தபோது ஹகித் மிதிகளத்தில் மேலும் கீழுமாக நடந்துகொண்டிருந்தாள்.

“உக்காருடி. பாத்தாலே எனக்குத் தலை சுத்துது.”

“கெட்டுப்போகுது ஸிம்ஹா. அஞ்சு வருஷம். என் மூக்குக்கு நேரா கெட்டுப்போகுது.”

“உன் தொட்டி, உன் திராட்சை. இறங்கி அமுக்கிட்டு வா. யாரு பாக்கப் போறா?”

“கெதல்யா...”

“அவரு கதவப் பாப்பாரு. கதவு பூட்டியிருக்கும். நான் என்ன சொல்லிடப் போறேனா?” ஒரு துண்டு ஆப்பிளை ஹகித்தின் வாயில் திணித்துவிட்டு ஸிம்ஹா கோழிக்குத் தீனி போடப் போனாள்.

ஹகித் மூடியைத் தூக்கினாள். ஏணி வைத்து இறங்கினாள். பழக்க தோஷம், இறங்கியதும் கைகள் பைக்குள் போய்விட்டன. தொட்டியின் மேல் தோல் மூடி வெடித்துக் காய்ந்திருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, கையை உள்ளே விட்டாள்.

மேலே காய்ந்த பொருக்கு. அதற்குக் கீழே வழவழப்பு, விதைகளின் நரநரப்பு. அடியில் சூடு, சூட்டுக்குள் விரலிடுக்கில் ஏறி ஓடுகிற குமிழ்கள். பத்தொன்பது வருடமாக இன்னொருவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டதெல்லாம் இதுதானா என்று நினைத்தாள். வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாகப் பொங்கி வந்து அழுதுவிட்டாள். அழுதுகொண்டே அமுக்கினாள். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் நான்கு தடவை இறங்கி ஏறினாள். நெடி போய்விட்டது. எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்த்தும் நகக்கண்ணில் மட்டும் கறுப்பு போகவில்லை.

சனிக்கிழமை மாலை, மூன்று நட்சத்திரம் தெரிந்து ஓய்வுநாள் முடிந்ததுமே கெதல்யா யாரிடமோ கார் இரவல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பண்டிகை வெள்ளைச் சட்டைகூட மாற்றவில்லை. முத்திரை இரண்டையும் தடவிப் பார்த்து உடைத்தார். கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, சாவுக்குப் போகிறவர்போலத் தொட்டியருகே போனார். ஹகித் பின்னாலேயே போய் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றாள், கைகள் பைக்குள்.

“நனைஞ்சிருக்கு!” கெதல்யா குனிந்து முகர்ந்தார். “ஹகித், நனைஞ்சிருக்கு! இந்தக் காத்துல, மூணு நாள் தொடாம... வாசனையப் பாருங்க! கடவுளே, இப்படி நான் கேள்விப்பட்டதே இல்ல.” அவர் கண் கலங்கியிருந்தது. “என் பினினாவோட கோப்பைன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. இருங்க, அவளுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிடறேன்.”

சும்மா இருந்தால் போதும். அற்புதம் என்று அவரே ஊருக்குச் சொல்வார், அவர் முத்திரையே சாட்சி. ஐந்து வருட உழைப்பு பிழைக்கும். பந்தலுக்குக் கீழே அந்தப் பெண் நம்பிக் குடிப்பாள்.

ஹகித் கைகளைப் பையிலிருந்து வெளியே எடுத்தாள்.

போனில் எண்ணை அழுத்திக்கொண்டிருந்த கெதல்யா நிமிர்ந்தார். அவள் நகங்களைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி மேலே இருந்த இரும்பு மூடியைப் பார்த்தார். போனிலிருந்து ஒரு பெண்குரல், “அப்பா? அப்பா?” என்றது.

“அப்புறம் பேசறேம்மா,” என்று வைத்துவிட்டார்.

“காடியாயிட்டிருந்துச்சு கெதல்யா. என்னால முடியல.”

உடைத்துப் போட்ட ஈயக் குண்டைக் கெதல்யா காலால் எத்தினார். அது உருண்டு போய்ச் சுவரில் முட்டியது.

“கதவுக்கு ரெண்டு வச்சேன். கூரையத் திறந்துபோட்டுப் போனேன். நான் ஒரு மேற்பார்வையாளன்!”

“தப்பு என்னோடது.”

“உங்களது உங்களுக்கு, என்னது எனக்கு.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இதுல கோஷர்னு என் கையெழுத்து வராது. பினினாவுக்கு வேற பாக்கறேன். கல்யாணத்துக்கு நீங்க வரணும், அத விட்டுடாதீங்க.”

தொட்டியில் தோல் மறுபடி எழும்பத் தொடங்கியிருந்தது. ஹகித் பழக்கத்தில் அவரைப் பார்த்து, “அமுக்கு, ஏறுது பாரு,” என்றாள்.

கெதல்யா அசையவில்லை. “அது இனிமே உங்க வேலை. அமுக்குங்க.”

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, அவள் நிற்கிற இடத்தில் போய் நின்றார்.

ஹகித் சட்டைக் கையைச் சுருட்டினாள்.

“இன்னும் கீழ,” என்றார் கெதல்யா. “இடது பக்கம். சூடு எப்படி இருக்கு?”

“சூடா இருக்கு.”

“சூடுன்னா? குளிக்கிற தண்ணியா, டீத் தண்ணியா?”

தோள்வரை கை உள்ளே இருக்க, அவள் விரல்களை அடியில் அளைந்து பார்த்தாள்.

“குளிக்கிற தண்ணி,” என்றாள்.