பல் டாக்டரின் கட்டைவிரல்

பல் டாக்டர் ஓயாமல் பேசுவார். நாற்காலியில் வாயைப் பிளந்து கிடப்பவர்கள் யாரும் அவரை எதிர்த்துப் பேசியதில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் அன்று தன் சின்னப் படகின் வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தார். இன்ஜின் நின்றுவிட்டது. நீரோட்டம் படகைப் பாறைகளை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது.

"காப்பாத்துங்க! படகு நின்னுபோச்சு! யாராவது பேசுங்களேன்!"

பேசும் பொத்தானை அவர் கட்டைவிரல் உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தது. பதில் வரவில்லை. பாறையில் அலை மோதும் சத்தம் பக்கத்தில் கேட்டது.

"ஒரு பயலும் இல்லடி! நாம போய்ச் சேர வேண்டியதுதான்" என்று படகில் கூட வந்த மனைவியிடம் அழுதார்.

"பொத்தானை விட்டாத்தானேங்க அவங்க பேச முடியும்?"

"விட்டா லைன் போயிடும்டி!"

மனைவி அவர் விரலைப் பிய்த்தெடுத்தாள். உடனே கடலோரக் காவல்காரரின் குரல் வெடித்தது: "சார், நீங்க அழுதது துறைமுகம் பூரா கேட்டுச்சு. எங்க இருக்கீங்கன்னு மட்டும் சொல்லவே இல்ல!"

டாக்டருக்குப் பற்கள் தந்தியடித்தன. மனைவியே வயர்லெஸ்ஸைப் பிடுங்கி, இடத்தைச் சொல்லி, விரலை எடுத்தாள்.

"இதோ வர்றோம்மா. அதுவரைக்கும் நங்கூரத்தைப் போட்டு வைங்க."

படகில் நங்கூரம் இருப்பதே டாக்டருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.