மாமாவுக்குப் போன மஞ்சள் துணி

விரலில் குத்தி இரத்தம் எடுக்க நர்ஸ் வந்த அன்று எங்கள் லைன் வீட்டு வாசலில் நின்றவர்கள்: அப்பா. அம்மா. அம்மா இடுப்பில் தம்பி. பக்கத்து அறை இந்திக்காரர் ஒருவர். கடைசியில் நான். மாமா நிற்கவில்லை. உள்ளே நடுங்கிக்கொண்டு கிடந்தார். அவருக்கு முந்தின நாளே எடுத்துவிட்டார்கள். மலேரியா என்று வந்திருந்தது.

மாமா அம்மாவின் தம்பி. டெய்லர். ஆப்பிரிக்காவில் ஒரு பனியன் கம்பெனிக்குத் தையல் சொல்லிக்கொடுக்கப் போனவர், எங்கள் ஊர் நெருப்பெரிச்சலுக்குத் திரும்பி வந்த வாரமே படுத்துவிட்டார்.

எங்கள் இரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றார்கள். எனக்கு அது ஏமாற்றம்தான். காய்ச்சல்காரருக்குத்தான் இளநீர், முட்டை எல்லாம். அம்மா அவருக்காக லீவு போட்டாள். எனக்குக் கை முறிந்தபோது அரை நாள்தான் போட்டாள்.

நர்ஸ் மாத்திரை கொடுத்தார். அது முடியும்வரை மாமா கொசுவலைக்குள் படுக்க வேண்டும் என்றார்.

"இன்னைக்கே கட்டோணுங்க."

சம்பளம் சனிக்கிழமை. அன்று புதன். அம்மா பெட்டியைத் திறந்து மஞ்சள் துணியை எடுத்தாள். பந்து விளையாடுகிறவர்கள் போடும் பனியனுக்கான, வலைபோல் பொடி ஓட்டை உள்ள துணி. தான் வேலை பார்க்கும் கம்பெனியில் கழித்துப் போட்டதைக் கட்டிங் மாஸ்டரிடம் கெஞ்சி வாங்கியிருந்தாள். தீபாவளிக்கு எனக்கு அதில் கவுன். அளவுகூட எடுத்தாகிவிட்டது.

பக்கத்தில் ஒரு வீட்டு ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் அரை மணி நேரம். என் கவுன் மாமாவுக்கு வலையானது.

அழுதேன்.

"மாமனுக்கு மாத்திர முடியட்டும் கண்ணு. அப்பறம் பிரிச்சு உனக்குத் தெச்சுத் தாறேன்" என்றாள் அம்மா.

அதிலிருந்து என் கண் மாத்திரைமேல்தான். கசப்பு மாத்திரை மூன்று நாள். கூடவே சின்ன மாத்திரை, அது பதினான்கு நாள். சோறு தின்ற பிறகுதான் தருவாள். விழுங்கினாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். என் வாயை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை.

நான்காம் நாள் மாமா எழுந்து தலை சீவினார்.

"காச்ச உட்டுப்போச்சுக்கா. நாளைக்கு ஒரு கம்பெனில வரச் சொல்லியிருக்கறாங்க. இந்தச் சின்ன மாத்திர வயித்தப் பெரட்டுது. நிறுத்திக்கறேன். துணியப் புள்ளைக்கே குடுத்துரு."

எனக்கு மாமாவைப் பிடித்துப்போனது.

"ஈரல்ல ஒளிஞ்சு கெடந்து மறுக்காவும் வருமாம். நர்ஸு சொன்னாங்கல்ல" என்றாள் அம்மா.

"நர்ஸு உள்ள போயிப் பாத்துட்டு வந்தாங்களாக்கும்."

"வாயத் தொற."

திறந்தார். விழுங்கினார். வலை அப்படியே இருந்தது.

அன்று விளக்கு வைக்கும் நேரம். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் வலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். துணி என்னுடையது. அதற்குள் உட்காரவாவது செய்யலாம்.

"வாங்க மருமவளே, உங்க ஊட்டுக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றார் மாமா. பேசிக்கொண்டே தூங்கிவிட்டார். வலையின் ஓரம் திறந்தே கிடந்தது. நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா வந்தாள். குடத்தை வைத்தாள். என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். முதுகில் ஒன்று வைத்தாள். அடிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"தம்பியக் கூட்டிட்டு வாசல்ல போயி நில்லு."

பிறகு அவள் உள்ளே போய் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகினாள். புகுந்திருந்த கொசுக்களைத் தேடித்தேடி அடித்தாள். வாசலில் எங்கள் காலைக் கொசு பிடுங்கியது. அதை யாரும் பார்க்கவில்லை. தன் தம்பி நிம்மதியாகத் தூங்கத்தான் இத்தனையும் என்று நினைத்தேன்.

அவரைக் கடித்த கொசு எங்களைக் கடிக்கக் கூடாது, வலை அதற்குத்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த வயதில் புரிந்திருக்காது.

அம்மா வெளியே வந்தாள். அடித்த கொசுக்கள் ஒட்டியிருந்த உள்ளங்கையை விளக்குக்கு நேரே பிடித்தாள். இரத்தம் குடித்திருந்தவற்றை மட்டும் எண்ணினாள்.

நான்கு.